பின்சீட்டில் உட்கார்ந்து எடுத்த வண்டி

1

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த வருடம் முழுக்க நான் அழவில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. முதல் வருடத் திதிக்கு ஊருக்கு வந்து இறங்கிய அன்றே மூன்று பேர் இதை விசாரித்துவிட்டார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கனடாவில் வினிபெக் என்ற ஊரில் பதினொரு வருடமாக இருக்கிறேன். நகரப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் மெக்கானிக்கல் எஞ்சினியர். வருடத்தில் பாதி நாள் பனி அள்ளுவதிலேயே போய்விடும். சொந்த ஊர் மதுரைக்குப் பக்கத்தில் சமயநல்லூர். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் வயல் உண்டு. ஒருநாள் காலையில் காப்பி குடிக்க உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான்.

அந்த வாரம் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அவசரமாகக் கேட்டால் கொடுப்பார்களாம், அதற்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தோடு இறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். சான்றிதழ் வாங்க வேண்டியவர்கள் ஊரில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் கிளம்பவில்லை.

சித்தப்பா மகன் வீடியோ காலில் காட்டினான். ஊரில் பொழுது சாய்கிற நேரம், வினிபெக்கில் காலை. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே அவன் பிடித்ததால் போன் கீழ்ப்பக்கமாகவே சாய்ந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் கால்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். "டேய், முகத்தைக் காட்டுடா" என்று சொல்லிப் பார்த்தேன். சங்குச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போகும்வரை நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று, "தாத்தா முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டாள். சடங்கெல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்க வந்தவள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அம்புட்டுத்தான். "முடிஞ்சிருச்சும்மா" என்றேன். பிறகு அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று ஒரு பேருந்தின் பிரேக்கைக் கழற்றி மாட்டினோம், நன்றாகவே மாட்டினேன்.

2

ஒரு மாதம் கழித்து அம்மா போனில், "உங்கப்பா வண்டி சும்மா நிக்கிது" என்றாள். நான் லேப்டாப்பில் வேறு எதையோ பார்த்துக்கொண்டே, "நிக்கிற வண்டிக்கு வீட்டுல எதுக்கும்மா எடம்? சித்தப்பாகிட்டச் சொல்லி வித்துறச் சொல்லு" என்றேன். அந்த வாரமே வண்டி போய்விட்டது. வீட்டு முன்னால் சிமெண்டுத் தரையில் வண்டி நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. இந்த முறை வந்தபோது முதலில் அதைத்தான் பார்த்தேன். பார்த்து ஒன்றும் தோன்றவில்லை.

திதி முடிந்த மறுநாள் அம்மா பீரோவிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"லைசென்ஸ். கியர் வண்டிக்கு."

அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆரப்பாளையத்தில் பெண்களுக்கு வண்டி பழக்கும் பள்ளி ஒன்று இருக்கிறதாம். இருபது நாள் பஸ்ஸில் போய்ப் பழகியிருக்கிறாள். சேலையோடு முடியாது என்று சொன்னதால் சுடிதார் தைத்து, வெயிலுக்கு அதன்மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். எட்டுப் போட்டுக் காட்டி, முதல் தடவையிலேயே தேறிவிட்டாள்.

"ஊரு ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம இருக்குமா? புருசன் போனதும் இவளுக்குத் துளிர் விட்டுப்போச்சுன்னு ஒருத்தி சொன்னா. நீ வந்து என்னைய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவியாடின்னு கேட்டேன். வாய மூடிட்டா."

"ஸ்கூட்டர் பழகியிருக்கலாம்ல? கியர் எதுக்கு?"

"வயக்காட்டுப் பாதையில ஸ்கூட்டர் சக்கரம் பொதையும்டா. அதுவும் போக, எனக்கு கியரு தெரியும். அங்க சொல்லிக் குடுத்த புள்ளையே அசந்து போச்சு, முன்னாடியே ஓட்டிருக்கீங்களாம்மான்னு. முப்பத்தேழு வருசம் உங்கப்பாவுக்குப் பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து போனவடா நானு. எந்நேரமும் கண்ணு முன்னாடி இருந்தது அவரு எடது காலுதான். எப்ப மிதிப்பாரு, எப்ப விடுவாருன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

இந்தப் பயணத்தில் எனக்கு இருந்தது ஒரே வேலை. அம்மாவை என்னோடு வந்து இருக்கச் சம்மதிக்க வைத்து, விசா விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொரு தடவை ஒரு போனில் கால்களை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குப் போக என்னால் முடியாது. முடியும் என்பதுதான் பயமே. அதனால்தான் விண்ணப்பம், கடிதம், காப்பீடு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன்.

கோப்பை நீட்டியபோது அம்மா வாங்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல வண்டிய எடுத்துக் குடு. கையெழுத்த அப்புறம் பாப்போம்."

சரி என்றேன். நாலு வாரம் ஆசைக்கு ஓட்டட்டும், பிறகு கிளம்பிவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். அதனால் எந்த வண்டி என்பதில் நான் பெரிதாக மனதைச் செலுத்தவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம்.

3

புதிதாக வண்டி ஓட்டப் போகிறவர்கள் முதல் வண்டியை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எடை குறைவாக இருக்க வேண்டும். சீட் உயரம் குறைவாக இருக்க வேண்டும். சக்தி அளவாக இருக்க வேண்டும். விமானத்தில் வரும்போதே தெரிந்திருந்தால் ஒரு அட்டவணை போட்டிருப்பேன். லைசென்ஸ் விஷயம் அப்போது தெரியாதே.

பைபாஸ் ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். அம்மா சேலை கட்டி வந்திருந்தாள், கடைக்குப் போகிறோம் என்பதால். விற்பனைப் பையன் ஓடி வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. "வாங்கண்ணே, வாங்கம்மா" என்றவன் என் பக்கம் திரும்பி மைலேஜில் ஆரம்பித்தான். வண்டி யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது நான் வினிபெக் வழக்கப்படி தேங்க்ஸ் சொன்னேன். நாலாவது தேங்க்ஸுக்கு அவன் பேச்சை நிறுத்தி, "புடிக்கலையாண்ணே?" என்று கேட்டான்.

அம்மா அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தாள். நிறுத்தி வைத்திருந்த முதல் வண்டியின் பின்சீட்டில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். "குத்துது" என்று இறங்கினாள். அடுத்த வண்டியில் ஏறினாள். "கால் வைக்கிற எடம் ஒசரமா இருக்கு, முட்டி வலிக்கும்." இன்னொன்றில் சக்கரத்துப் பக்கம் கம்பி வலை இல்லை, முந்தானை மாட்டிக்கொள்ளும். அந்தக் கடையில் நின்ற அத்தனை வண்டிகளையும் அம்மா பின்பக்கமிருந்தே பார்த்தாள். ஒன்றில்கூட முன்னால் உட்காரவில்லை. பையனுக்கு அது வினோதமாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்மா உட்காரும் இடம் அது, அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் ஒரு வண்டியில் ஏறி, சாய்ந்து, ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது" என்றாள். நல்ல அகலமான சீட். கொஞ்சம் பெரிய வண்டி.

ஓட்டிப் பாருங்கள் என்று பையன் என்னிடம் சாவி கொடுத்தான். நான் ஓட்டினேன், அம்மா பின்னால். பதினொரு வருடம் கழித்து வண்டியைத் தொடுகிறேன். ஷோரூம் வாசலில் இருந்து வெளியே வந்ததும் கனடாவில் கார் ஓட்டிய பழக்கத்தில் என் கை தானாக வலது பக்கம் ஒதுங்கியது.

"டேய், இந்தப் பக்கம்டா. எந்த ஊருல இருக்க?"

வண்டியை இடது பக்கம் கொண்டுவந்தேன். பின்னாலிருந்து அம்மா பேசிக்கொண்டே வந்தாள்.

"நீயாச்சும் ஒரே சீரா ஓட்டுற. உங்கப்பா ஒருநாளைக்கு நல்லாப் போவாரு. ஒருநாளைக்கு இருபதுல உருட்டுவாரு. பின்னாடி வர்றவன் பூராம் திட்டிட்டுப் போவான். ஏங்க இப்படி உருட்டுறீங்கன்னு கேட்டா, வண்டி சூடாயிருச்சும்பாரு. எந்நேரமும் அந்த வண்டிக்கு அம்புட்டு சூடு."

எனக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டான். அப்பா வண்டியில் இருந்தது காற்று பட்டுக் குளிர்கிற எஞ்சின். ஓடினால்தான் ஆறும், உருட்டினால் ஆறாது. பாவம், அப்பாவுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

4

அன்று சாயங்காலம் நிலா வீடியோவில் வந்தாள், அங்கே அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அப்பத்தா பைக் வாங்கப் போகிறது என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆங்கிலத்தில் என்னிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். அம்மா போன் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து, "சாப்பிட்டியா தங்கம்?" என்றாள். நிலா "ம்" என்றாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பேச ஆசை நிறைய, கையில் இருந்த சொற்கள் அந்த இரண்டுதான். நான் நடுவில் மொழிபெயர்த்திருக்கலாம். களைப்பாக இருந்தது.

போனை வைத்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். விண்ணப்பதாரர் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்பதற்கு என்ன சான்று என்று ஒரு கட்டம். அம்மாவை அழைத்துப் போய் வைத்துக்கொள்ளத்தான் இவ்வளவும். ஆனால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நான் நிரூபிக்க வேண்டும். வீடு, வயல் என்று எழுதினேன். இடம் மிச்சம் இருந்தது. "வேறென்ன எழுத?" என்று கேட்டேன்.

"வண்டின்னு எழுது" என்றாள் அம்மா, தட்டில் தோசையை வைத்தபடி.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். எழுதவில்லை.

5

வண்டி எடுக்கும் நாளில் ஷோரூமில் மாலை, சூடம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் தயாராக இருந்தது. அம்மா அன்று சுடிதாரும் அப்பாவின் சட்டையுமாக வந்திருந்தாள். போட்டோ எடுப்பதற்கு முன்னால் பையன் என்னைத் தனியாக ஒதுக்கி, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, சாவிய நீங்க கையில வாங்கிக்கங்க. இல்லாட்டி வீட்டுல சுமங்கலி யாராச்சும்... அம்மா பக்கத்துல நிக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க, மேனேஜர் இதெல்லாம் பாப்பாரு."

அம்மா காதில் விழுந்திருக்கும். தன் கையை ஏற்கனவே பாதி நீட்டியிருந்தாள், அதை மெதுவாக இழுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவியை வாங்கிக்கொண்டேன். யோசித்து வாங்கவில்லை. நீட்டினார்கள், வாங்கினேன். அப்பாவின் வண்டியை வித்துறச் சொன்னதும் இப்படித்தான். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் நான் பெரிய சாவி அட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா பாதிதான் விழுந்திருக்கிறாள்.

எலுமிச்சை நசுங்க வண்டியை நான்தான் உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தேன். "சாவியக் கொண்டா" என்றாள் அம்மா. கொடுத்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அந்த வண்டியில் முதல்முறையாக முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கால் எட்டவில்லை. பள்ளியில் அவள் பழகியது சின்ன வண்டி. இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நானும் பையனும் பாய்ந்து பிடித்தோம்.

"அம்மாவா ஓட்டப் போறாங்க?" என்று பையன் முழித்தான். "நான் அண்ணனுக்குன்னுல்ல நெனச்சேன். மொதல்லயே சொல்லியிருந்தா சின்ன வண்டி காட்டியிருப்பேனே."

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். சீட் உயரம் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. முப்பத்தேழு வருடம் பின்சீட்டில் இருந்தவளுக்கும் தோன்றவில்லை. நல்ல வண்டி என்றால் பின்னால் வசதியாக உட்கார முடிகிற வண்டி, அவளுக்கு வேறு அளவுகோல் இருந்ததில்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அம்மாதான் முதலில் சிரித்தாள். "கெட்டுச்சு போ" என்றாள்.

6

அவனியாபுரத்தில் சீட் அடித்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது, உயரமான சீட்டை வெட்டிக் குறைத்துத் தருவார்கள் என்று பையனே வழி சொன்னான். மறுநாள் காலை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், ராசு என்று பெயர். சீட்டைக் கழற்றி மேசையில் போட்டு, மேலே இருந்த ரெக்சினை உரித்தார்.

"எம்புட்டும்மா கொறைக்க?"

"ரெண்டு காலும் முழுசா ஊனணும்ணே" என்றாள் அம்மா.

"பின்னாடியும் சேத்து எடுத்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும். முன்னாடி மட்டும்னா படிக்கட்டு மாதிரித் தெரியும்."

"தெரிஞ்சாத் தெரியட்டும். பின்னாடி கைய வைக்காதீங்க."

அவர் பஞ்சை அறுக்க ஆரம்பித்தார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்திலேயே விமான நிலையம். ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அது மறையும்வரை அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"பின்சீட்டுல யாரும்மா உக்காரப் போறா? ஏன் அதுக்கு இம்புட்டு அக்கறை?" என்று கேட்டேன்.

"நான் அழுத எடம்டா அது" என்றாள், விலாசம் சொல்வது மாதிரி. "உன்னைய மொத மொதல்ல ஏத்திவிட்டுட்டு வந்தம்ல, இந்தா இங்கருந்து சமயநல்லூர் போற வரைக்கும் அழுதேன். எங்கம்மா செத்தப்பவும் அப்படித்தான். வீட்டுல அழுதா உங்கப்பாவுக்குச் சோறு எறங்காது. வண்டியில பின்னாடி உக்காந்தா மொகம் தெரியாதுல்ல. காத்துல காஞ்சிரும். எறங்கும்போது ஒண்ணும் இருக்காது. அந்த மனுசனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

நான் வந்த வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"கையெழுத்து எப்பம்மா போடுவ?"

"மூணு மாசத்துக்கு வாரேன். நிலாவப் பாக்கணும், அதுகூட உக்காந்து நாலு வார்த்த பேசணும். அதுக்கு மேல இருக்க மாட்டேன்."

"மூணு மாசம் வந்து என்னம்மா?"

"வண்டிய எம்புட்டு நாளு நிறுத்தி வைக்கிறது? பேட்டரி எறங்கிரும்." பிறகு கோபமில்லாமல் சொன்னாள். "இதையும் நிக்கிற வண்டின்னு விக்கச் சொல்லிருவ."

ஆக, முடிந்தது. இன்னொரு நாள் இன்னொரு போன் வரும். யாராவது கூட்டத்தில் நின்று பிடிப்பார்கள். இதை நான் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பல் மரத்த பிறகு நாக்கால் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் சீட் தயாரானது. ராசு அண்ணன் சொன்ன மாதிரியே படிக்கட்டு.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கண்ணாடியைச் சரிசெய்து, "ஏறு" என்றாள்.

"நான் ஆட்டோவுல வாரேன்மா. நீ தனியா ஓட்டு."

"ஏறுடா."

ஏறினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் தோளைப் பிடிக்கலாமா என்று யோசித்து, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். குத்தவில்லை. வண்டி கிளம்பியது. எனக்கு முன்னால் அப்பாவின் சட்டை, நீலக் கோடு போட்டது, நான் வினிபெக்கிலிருந்து அனுப்பியது. அதைப் பார்த்தும் ஒன்றுமில்லை. பார்வையைக் கீழே இறக்கினேன்.

அம்மாவின் இடது கால் தெரிந்தது. கியர் மாற்றப் போனபோது அவள் விரலால் மிதிக்கவில்லை. பாதத்தை லேசாகப் பின்னால் இழுத்து, குதிகாலால் ஒரு தட்டு. தட்டிவிட்டுக் காலை அப்படியே ஒரு வினாடி தூக்கி வைத்திருந்து, பிறகு இறக்கினாள். அப்பா செருப்போடு அப்படித்தான் செய்வார். விரலில் அழுக்குப் படக்கூடாது என்பார். அடுத்த கியர். அதே குதிகால், அதே ஒரு வினாடி. துணியால் கட்டி வைத்திருந்த கால் அது. நான் போனில் பார்த்துக்கொண்டே நின்ற கால். அது என் முன்னால் கட்டில்லாமல் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது.

எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. முதலில் சட்டையின் நீலக் கோடுகள் கலங்கின. பிறகு மூச்சு திணறியது. சத்தம் வரக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஹெல்மெட் போட்ட தலை, எஞ்சின் சத்தம், எதிர்க்காற்று. அம்மா சொன்னது சரிதான், யாருக்கும் தெரியாத இடம். சீட் குலுங்க நன்றாக அழுதேன். பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. பிறகு ஒரு லாரி. பிறகு ஷேர் ஆட்டோக்களெல்லாம் தாண்டிப் போயின. அப்போதுதான் கவனித்தேன், வண்டி உருண்டுகொண்டிருந்தது.

குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.

"ஏம்மா மெதுவாப் போற?"

"வண்டி சூடாயிருச்சுப்பா."

பட்டறையில் இரண்டு மணி நேரம் ஆறிக் கிடந்த வண்டி. கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் எதுவும் சொல்வதற்குள் அம்மா ஓரமாக ஒதுங்கி வண்டியை நிறுத்திவிட்டாள். இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றியிருந்தன. கைகள் ஹேண்டில் பாரை விடவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குடா" என்றாள். "அம்புட்டு வருசமும் தெரிஞ்சிருக்கு."